காங்கயமும் கொறங்காடும்

மாணவர்களே, கோயம்புத்தூரிலிருந்து பல்லடம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காங்கயம் என்னும் ஊர் இருக்கிறது. உங்களில் பலர் பேருந்துச் சன்னல் வழியே அதைப் பார்த்திருப்பீர்கள். இறங்கிப் பார்த்தவர் சிலரே. ஆட்சிக் கணக்கில் அது நகராட்சி. ஆனால் வாழ்க்கை முறையால் இன்றும் அது ஒரு சிற்றூரே. 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. அம்மாவட்டம் பின்னர் ஈரோடு என்று பெயர் பெற்றது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் தோன்றியபோது காங்கயம் அதில் சேர்ந்தது. வீடு மாறாமலே மூன்று மாவட்டங்களில் குடியிருந்த பெரியவர்கள் அங்கே பலர் உண்டு.

அவ்வூரின் ஒரு நாள் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பின்னலாடைத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு திருப்பூர் நோக்கி வண்டிகள் விரைகின்றன. வெயில் ஏறியதும் தேங்காய்க் களங்களில் வேலை நடக்கிறது. உடைத்த தேங்காயைக் களத்தில் பரப்பிக் காயவைத்து, பருப்பைப் பிரித்தெடுத்து, எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புகின்றனர். காற்று வீசும் திசைக்கேற்ப ஊரில் கொப்பரை மணமோ, அரிசி ஆலைகளின் அவித்த நெல் மணமோ வரும். கண்ணை மூடிக்கொண்டு வருபவனும் காங்கயம் வந்துவிட்டதென்று சொல்லிவிடலாம். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. கடைக்காரர் வாங்க வந்தவரை “என்னங்க வேணும்?” என்பார்; வாங்க வந்த சிறுவனையும் “சொல்லுங்க கண்ணு” என்றே விளிப்பார்.

அருகில் சிவன்மலை. அங்குள்ள முருகன் கோயிலில் ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’ என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஓர் அடியார் தம் கனவில் ஒரு பொருளைக் கண்டதாக வந்து சொன்னால், சந்நிதியில் பூக்கேட்டு, உத்தரவு கிடைத்தபின் அப்பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அதுவே இருக்கும். மண், நெல், நீர், தங்கம் என்று எது வைக்கப்பட்டாலும் அதற்குப் பொருள் காண்பது தேநீர்க் கடைகளின் வேலை. கனவின் பலன் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் தண்ணீர் வைக்கப்படும்போதெல்லாம் ஊரில் பேச்சு நீள்கிறது. அதற்குக் காரணம் உண்டு.

காங்கயம் நொய்யல் ஆற்றுக்கும் அமராவதி ஆற்றுக்கும் இடையிலான மேட்டு நிலத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ளது. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டும் தாராளமாக வரும், மழை வராது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். மண் மெலிந்தது, சற்றே தோண்டினால் சுக்கான்கல் அல்லது பாறை. அப்பாறையிலும் செல்வம் இருந்தது உண்மை. அருகிலுள்ள படியூரில் கிடைத்த கடல்நிறக் கற்கள் பண்டை நாளில் புகழ்பெற்றவை. நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. ஆயினும் எல்லாரும் கல்லை உண்டு வாழ முடியாதன்றோ? இத்தகைய நிலத்தில் உழவர் எப்படிப் பிழைத்தார்கள் என்பதே நான் விளக்க விரும்பும் பொருள். அதற்கு விடையாக அவர்கள் கண்ட அமைப்பிற்குக் கொறங்காடு என்று பெயர்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் புவியியல் தேர்வில் ஆப்பிரிக்காவின் சவானா புல்வெளியைப் பற்றி மிக நன்றாக எழுதியிருந்தார்கள். உயர்ந்த புல், இடையிடையே குடைபோல் விரிந்த முள்மரம், மேயும் விலங்கு எல்லாம் சரியாக இருந்தன. விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, பள்ளிச் சுவருக்கு அப்பால் தெரிந்த காட்டைக் காட்டி, “அது என்ன?” என்று கேட்டேன். “சும்மா கிடக்கிற காடுங்க, ஐயா” என்றான் ஒருவன். அவன் வீட்டு மாடு நாள்தோறும் மேய்ந்தது அத்தகைய காட்டில்தான். நம் பாடநூல்கள் தொலைவில் உள்ளதை நன்றாகக் காட்டுகின்றன. வேலிக்கு அப்பால் உள்ளதைக் காட்டும் பொறுப்பு ஆசிரியருடையது.

கொறங்காடு சும்மா கிடக்கும் காடு அன்று. மனிதன் திட்டமிட்டு அமைத்த மேய்ச்சல் நிலம் அது. ஊர்ப் பொதுவான மேய்ச்சற் புறம்போக்கும் அன்று. உழவனின் சொந்தப் பட்டா நிலம். தனக்குள்ள புன்செயில் ஒரு பகுதியை உழவுக்கு வைத்துக்கொண்டு, மற்றொரு பகுதியை அவன் புல்லுக்கு விட்டான். அதில் மூன்று அடுக்குகள் உண்டு. தரையில் கொழுக்கட்டைப் புல். மேலே வெள்வேல மரம். சுற்றிலும் முள்கிளுவை வேலி.

கொழுக்கட்டைப் புல்லின் சிறப்பு அதன் வேரில் இருக்கிறது. கோடையில் மேற்பகுதி காய்ந்து வைக்கோல்போல் ஆகிவிடும். மாடு அதையும் தின்னும். வேர் மட்டும் ஆழத்தில் உயிரோடு காத்திருக்கும். ஒரு மழை பெய்தால் சில நாட்களிலேயே தூரிலிருந்து பசுந்தளிர் கிளம்பும். புல்லும் தீர்ந்த கடுங்கோடையில் வெள்வேலின் நெற்றுகள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகின்றன. அம்மரத்தை நெருக்கமாக வளர விடமாட்டார்கள். நிழல் மிகுந்தால் புல் குறையும். நிழலே இல்லாவிட்டால் மாடு தவிக்கும். இரண்டுக்கும் நடுவே எத்தனை மரம் நிற்கவேண்டும் என்பதை அனுபவத்தால் அறிந்து வைத்திருந்தனர்.

வேலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் கொறங்காட்டின் உயிர்நாடி அதுதான். கிளுவைக் கொம்பை வெட்டி, மழைக்காலத்து ஈரத்தில் வரிசையாக நட்டால் அது வேர்பிடித்துவிடும். தண்ணீர் ஊற்றவேண்டியதில்லை. சில ஆண்டுகளில் ஆடு நுழைய முடியாத முள்வேலியாக அடர்ந்துவிடும். கழித்துவிடக் கழித்துவிட இன்னும் செறியும். ஒருமுறை நட்டால் தலைமுறைக்கு நிற்கும். கம்பி வேலி துருப்பிடிக்கும், கிளுவை தழைக்கும். மேலும் அது காற்றின் வேகத்தைத் தணித்து மண்ணைக் காக்கிறது. குருவிக்கும் கீரிக்கும் ஓணானுக்கும் வீடாகிறது. உள்ளே நுழைய ஒரு கடவு, அதை அடைக்க ஒரு படல், அவ்வளவுதான்.

இந்த வேலியால் விளைந்த நன்மையைப் பாருங்கள். காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவர் தேவையில்லை. வயதான பாட்டி ஒருவரே ஒரு குடும்பத்தின் மாடுகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. நாட்டின் பிற பகுதிகளில் மாடு மேய்ப்பதற்காகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய காலத்திலும், இங்கே அந்தச் சாக்கு அவ்வளவாக எடுபடவில்லை. நிலத்தைச் சிறு காடுகளாகப் பிரித்திருந்தமையால், ஒன்றில் புல் குறைந்ததும் மாட்டை அடுத்ததற்கு மாற்றினார்கள். மேய்ந்த காடு ஓய்வெடுத்துத் தழைத்தது. சாணமும் கோமியமும் அங்கேயே விழுந்து உரமாயின.

காங்கயம் மாடு இந்தக் கொறங்காட்டின் பிள்ளை. பிறக்கும்போது கன்று செந்நிறமாக இருக்கும். ஆறு மாதம் ஆகும்போது அந்நிறம் மாறிச் சாம்பல் படரும். வளர்ந்த பசு வெண்மையாகவும், காளை திமிலும் கழுத்தும் கறுத்துச் சாம்பல் நிறமாகவும் விளங்கும். மயிலை, காரி, செவலை என்று நிறத்தால் பெயரிட்டு அழைப்பார்கள். காய்ந்த புல்லைத் தின்று, கல்தரையில் நடந்து, வெயிலைத் தாங்கி, பாரம் இழுப்பதில் அதற்கு ஈடு குறைவு. இவ்வினத்தைத் தேர்ந்து பெருக்கியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்திற்குப் பெரும்பங்கு உண்டு. தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி லிட்டில்வுட் என்னும் அதிகாரி எழுதி 1936-இல் வெளிவந்த நூலிலும் காங்கயம் இனம் சிறப்பிடம் பெற்றது.

அக்காலத்தில் இம்மாட்டின் முதன்மையான வேலை எது? தண்ணீர் இறைப்பது. கிணற்று மேட்டில் கவலை அமைத்து, வடக்கயிற்றில் பறியைக் கட்டி, இரு எருதுகளைச் சரிவான வாரியில் ஓட்டுவார்கள். எருதுகள் இறங்கப் பறி ஏறும். தோல் தும்பி வழியே நீர் தொட்டியில் கொட்டும். ஆள் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் துணைக்குக் கொடுப்பான். ஆழக் கிணற்றிலிருந்து இவ்வாறு விடிய விடிய இறைக்க வலிய எருதுகள் வேண்டும். ஆக, கிணறு எருதை வேண்டியது. எருது கொறங்காட்டை வேண்டியது. கொறங்காடு மழையைத் தவிர வேறொன்றையும் வேண்டவில்லை.

1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின, கோவையிலேயே மோட்டாரும் பம்பும் செய்யத் தொடங்கினர். மெல்ல மெல்லக் கிணறுதோறும் மின்மோட்டார் ஏறியது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் போராடியபோது, கோவை நகரச் சாலைகளில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மோட்டாருக்காக நடந்த போராட்டத்தில் மாடுகளே முன்னின்றன! பின்னர் உழவுக்கு மின்சாரம் கட்டணமின்றியே கிடைத்தது. உழுவதற்கும் டிராக்டர் வந்துவிட்டது.

மோட்டார் வந்ததைப் பழிப்பவன் அல்லேன். கவலை ஓட்டியவர் கைகளைப் பார்த்தவர்கள் அதைப் பழிக்கமாட்டார்கள். ஆனால் அதன் விளைவுகளைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். எருதுக்கு வேலை போயிற்று. எருதை ஈனுவதற்காகப் போற்றப்பட்ட பசு, பாலுக்காக மட்டும் மதிப்பிடப்பட்டது. காங்கயம் பசு கன்றுக்குப் போகக் கொஞ்சமே கறக்கும். கலப்பினப் பசு பல மடங்கு கறக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பாலை ஊற்றி வாரந்தோறும் பணம் பெறும் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும்? அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் கலப்பினப் பசுவுக்குத் தொழுவமும் பசுந்தீவனமும் பிண்ணாக்கும் வேண்டும். பசுந்தீவனத்திற்குத் தண்ணீர் வேண்டும். கொறங்காட்டில் வேலி பிடுங்கப்பட்டது. சில இடங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தென்னை வைத்தனர். சில இடங்களில் வீட்டுமனைக் கற்கள் நடப்பட்டன. கணவாய்க் காற்றை நம்பிக் காற்றாலைகளும் எழுந்தன. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் கால்வாய்க்குக் காங்கயமும் வெள்ளகோவிலும் கடைமடைப் பகுதிகள். கடைமடைக்குத் தண்ணீர் எப்போதும் கடைசியாகவே வரும். வந்தாலும் குறைவாக வரும்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பொய்த்தது. வழக்கமான அளவில் 62 விழுக்காடு குறைந்தது. அந்த வறட்சியில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றத் தென்னைகள் தலைசாய்ந்தன. ஒரு தென்னையை மீண்டும் வைத்துக் காய் காண ஆண்டுகள் பல ஆகும். தீவனம் இல்லாமல் மாடுகள் கிடைத்த விலைக்குப் போயின. கொழுக்கட்டைப் புல் நின்ற காடுகளிலும் அவ்வாண்டு தரை வெளுத்தது உண்மை. ஆனால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும் வேர் அங்கே இருந்தது. அதற்காக யாரும் கடன் வாங்கவேண்டியிருக்கவில்லை.

அதற்கடுத்த சனவரியில், 2017-இல், சல்லிக்கட்டுக்காகச் சென்னைக் கடற்கரையில் இளைஞர்கள் திரண்டதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். காங்கயம் காளையின் படம் சட்டையிலும் சுவரொட்டியிலும் ஏறியது. மகிழ்ச்சிதான். அந்தக் காளை எதைத் தின்று வளர்கிறது என்பதைச் சட்டை அணிந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர் என்று எனக்குத் தெரியாது. ரேக்ளாப் பந்தயத்திற்கும் பொலிகாளைக்கும் பெருந்தொகை கொடுத்து மாடு வாங்குவோர் இப்போது பெருகியுள்ளனர். புல் விளையும் காட்டை வாங்கி, மனை பிரிக்காமல் வைப்போர்தாம் அரியர்.

தை மாதம் கொங்கு நாட்டில் நடைபெறும் பட்டிப் பொங்கலைப் பார்க்காதவர்கள் ஒருமுறை சென்று பாருங்கள். பட்டியில் சிறு தெப்பக்குளம் கட்டி நீர் நிரப்புவார்கள். ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் காப்பாகக் கட்டப்படும். பொங்கலிட்டுப் படைத்தபின் மாட்டை அத்தெப்பக்குளத்தை மிதித்துத் தாண்டச் செய்வார்கள். வறண்ட நாட்டு மக்கள் தங்கள் பட்டிக்குள்ளேயே ஒரு குளம் வெட்டிப் பார்க்கிறார்கள்! எருதே இல்லாத வீடுகளிலும் இவ்வழக்கம் நடைபெறுகிறது. கலப்பினப் பசு அக்குளத்தைக் கண்டு மிரள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

நத்தக்காடையூரை அடுத்த பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கயம் இனத்துக்கென்றே ஒரு மாட்டுத் தாவணி கூடுகிறது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேர்த் திருவிழாவை ஒட்டியும் பெரிய மாட்டுச் சந்தை நடைபெறும். பழையகோட்டைக்கு அண்மையில் சென்றிருந்தேன். தரகர் இருவர் துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தனர். வெளியூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் கிடாரி ஒன்றின் கொம்பையும் திமிலையும் கைப்பேசியில் படம் பிடித்தார். பக்கத்தில் நின்ற பெரியவர் கொம்பைப் பார்க்கவில்லை. குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பிறகு விற்க வந்த அம்மையாரிடம், “கட்டுத்தரையில நின்னதுங்களா, காட்டுல மேஞ்சதுங்களா?” என்று கேட்டார். “எங்க கொறங்காட்டுல மேஞ்சதுங்க, வேலி கிளுவை வேலிங்க, மாமனார் காலத்துல நட்டது” என்றார் அந்த அம்மையார். பெரியவர் மறுபேச்சின்றித் துண்டை எடுத்துத் தரகரிடம் கையை நீட்டினார்.