கடலடியில் ஒரு கொடி

ஸ்கொட்லாந்தின் வடகோடிக்கும் அப்பால் ஓர்க்னி என்னும் தீவுக்கூட்டம் உளது. அத்தீவுகள் சூழ்ந்து நின்று காக்கும் விசாலமான நீர்ப்பரப்புக்கு ஸ்கப்பா புளோ என்று பெயர். இரண்டு உலக மகாயுத்தங்களிலும் பிரித்தானியக் கடற்படைக்குப் பெருந்தளமாக விளங்கிய இயற்கைத் துறைமுகம் அது. அந்நாளைய போர்க்கப்பல்களை இன்று அங்கே காண விரும்புவோர் கடலுக்கு அடியிலேதான் செல்லவேண்டும்.

அங்ஙனம் செல்லுதல் எளிதன்று. கடுங்கோடையிலும் அந்நீர் 13 அல்லது 14 பாகை செல்சியஸ் அளவே வெப்பமுடையது. மாரியிலோ அதிற் பாதிக்குக் குறைந்துவிடும். ஆகவே சுழியோடிகள் தடித்த உள்ளாடை தரித்து, அதன்மேல் நீர் புகாத உடை அணிந்து, காற்றடைத்த உருளைகளை முதுகிற் சுமந்து இறங்குகின்றனர். 30 மீற்றர் ஆழத்தில் உடலை அழுத்தும் அமுக்கம் கரையிலுள்ளதைப்போல நான்கு மடங்கு. அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல, அது குமிழிகளாகப் பொங்கும். ஆளை முடமாக்கவும் கொல்லவும் கூடும். ஆதலால் ஏறுவோர் மெதுவாகவே, இடையிடையே தரித்து நின்றே ஏறவேண்டும்.

இத்தனை இடர்களையும் பொறுத்து அவர்கள் காணச் செல்வன யாவை? பெரும்பாலும் ஜேர்மன் கப்பல்களே. முதலாம் மகாயுத்தம் ஓய்ந்தபின் அங்கே 74 ஜேர்மன் கப்பல்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவை மாற்றார் கைக்குப் போகலாகாதென்று, 1919 யூன் 21ஆம் திகதி, தளபதி வொன் ரொய்ட்டரின் கட்டளைப்படி ஜேர்மன் மாலுமிகளே அவற்றின் அடிவாயில்களைத் திறந்துவிட்டனர். 52 கப்பல்கள் அமிழ்ந்தன. பெரும்பாலானவை பிற்காலத்தில் பழைய இரும்புக்காக மேலே எடுக்கப்பட்டன. எஞ்சியுள்ள ஏழு பெருங்கலங்களைக் காணவே பல தேசத்துச் சுழியோடிகளும் அங்கு வருகின்றனர்.

ஆயின், அதே துறைமுகத்தில், அவற்றைவிடச் சுலபமாக எட்டக்கூடிய வேறொரு கப்பலும் கிடக்கின்றது. கவிழ்ந்து கிடக்கும் அதன் உடல், நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து மீற்றர் கீழேயே உள்ளது. அதனிடம் அவர்கள் செல்வதில்லை. காரணம் என்ன?

அதுதான் 'றோயல் ஓக்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல். 1939 ஒக்டோபர் 14ஆம் திகதி, இரவு ஒரு மணி. குந்தர் பிரீன் என்பவரின் தலைமையில் யூ-47 என்னும் ஜேர்மன் நீர்மூழ்கி, பழங்கப்பல்களை அமிழ்த்தி அடைத்திருந்த ஒடுக்கமான கால்வாயூடாகத் துறைமுகத்துட் புகுந்தது. அது எய்த டோர்பிடோ ஒன்று றோயல் ஓக்கின் முன்பக்கத்தைத் தாக்கிற்று. காவல்மிக்க துறைமுகத்துள்ளே பகைவன் வந்திருப்பான் என்று எவர் நினைப்பார்? கப்பலுள்ளேயே ஏதோ வெடித்தது என்று கருதிப் பலர் மீண்டும் உறங்கச் சென்றனர். பன்னிரண்டு நிமிடங்கள் கழிந்தன. மேலும் மூன்று டோர்பிடோக்கள் பாய்ந்தன. அடுத்த பதின்மூன்று நிமிடங்களுள் கப்பல் கவிழ்ந்து மறைந்தது.

அருகே நின்ற டெயிசி 2 என்னும் சிறு கலத்தின் தலைவர் ஜோன் காட், எண்ணெய் படர்ந்த இருட்கடலிலிருந்து 386 பேரைத் தூக்கியெடுத்தார். எனினும் கப்பலில் இருந்த 1,200க்கு மேற்பட்டோரில் 835 பேர் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் பதினெட்டு வயதும் நிரம்பாத சிறுவர்! பள்ளிப் படிப்பு முடிந்ததும் முடியாததுமாகக் கடற்படைக்குப் போன பிள்ளைகள். பலரின் உடல்கள் இன்றும் அக்கப்பலுள்ளேயே உள்ளன.

எனவே அது கப்பல் அன்று, கல்லறை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதியின்றி எவரும் அங்கே சுழியோடல் ஆகாது. ஆண்டுதோறும் ஒக்டோபரில் கடற்படைச் சுழியோடிகள் மாத்திரம் அக்குளிர்நீரில் இறங்குகின்றனர். கப்பலிலே கட்டியுள்ள பழைய கொடியை அவிழ்த்து, புதுக்கொடி ஒன்றைக் கட்டிவிட்டு வருகின்றனர்.

கரையில் நிற்போர் எவர் கண்ணுக்கும் அக்கொடி தெரியாது. தன் பிள்ளையைப் புதைத்த இடத்தில் ஒரு விளக்கேற்றவும் வழியில்லாதிருந்த தாய்மாருக்காக, அது அங்கே நீரில் அசைந்துகொண்டிருக்கிறது.