பலகை இல்லாத ஊஞ்சல்

பல ஆண்டுகளுக்கு முன் உத்தியோக நிமித்தமாகப் பாங்காக் நகரில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது, பொன்வேய்ந்த விமானங்களையும் வாயில்தோறும் காவல் நிற்கும் யட்சர்களின் பிரம்மாண்டமான உருவங்களையும் வியப்போடு பார்த்துவிட்டு, அந்த ராஜதானியை முழுமையாகக் கண்டுவிட்டோம் என்ற திருப்தியுடன் ஊர் திரும்பினேன். சென்ற மார்கழியில் என் தாயாரையும், தமக்கையையும், அவள் மகளையும் அழைத்துக்கொண்டு மறுபடி அங்கே சென்றபோதுதான், அன்று நான் கண்டது மேற்பூச்சு மாத்திரமே என்பது விளங்கிற்று.

சக்ரி வம்சத்தின் முதல் அரசரான முதலாம் இராமர், 1782-ஆம் ஆண்டில் சாவோ பிரயா நதியின் கீழ்க்கரையில் நிறுவிய தலைநகரம் இது. உள்ளூர் ஜனங்கள் இதைப் பாங்காக் என்பதில்லை. தேவர்களின் நகரம் என்று பொருள்படும் 'குருங் தேப்' என்றே வழங்குகிறார்கள். நீண்டு செல்லும் அதன் முழுப்பெயரில் அயோத்தியும் வருகிறது. இந்திரன் ஆணையிட விசுவகர்மா நிர்மாணித்த நகரம் என்ற புகழுரையும் வருகிறது. இதைச் சொன்னபோது, "அப்படியானால் நாம் அந்நிய தேசத்துக்கு வரவில்லையே!" என்றார் தாயார்.

வயதானவர்களை அழைத்துச் செல்வோர் இந்நகரின் அரண்மனைக்குக் காலையிலேயே போய்விடுவது உத்தமம். வெயிலும் கூட்டமும் ஏறுவதற்கு முன் நிதானமாகப் பார்க்கலாம். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்வது அங்கே கட்டாயம். அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் மரகத புத்தர் ஆலயத்தில், கோடை, மழை, குளிர் என்னும் மூன்று பருவங்களுக்கும் தக்கபடி விக்கிரகத்தின் ஆடை மாற்றப்படுகிறது. நாங்கள் சென்றது குளிர்காலமாகையால், பெருமான் பொன்னிழைப் போர்வை போர்த்து வீற்றிருந்தார்.

ஆயினும் என் தாயாரை நெடுநேரம் நிறுத்திவைத்தவை அவ்வாலயத்தின் பிரகாரச் சுவர்களே. தாய்லாந்து ராமாயணமாகிய 'ராமகியன்' முழுவதும் அங்கே 178 சித்திரங்களாக விரிகிறது. ஓரிடத்தில் விசுவரூபம் எடுத்த அனுமன், இராமபிரான் தங்கிய மண்டபத்தையே வாயில் அடக்கிக் காவல் இருக்கிறான். முன்பு வந்தபோது அதை ஓவியனின் விசித்திரக் கற்பனை என்று எண்ணி நான் கடந்து போயிருந்தேன். தாயாரோ பார்த்த மாத்திரத்தில், "இது மயில்ராவணன் கதையல்லவா? நம் கதையில் வாலால் கோட்டை கட்டுவான்; இங்கே வாயையே கோட்டையாக்கிவிட்டான்" என்றார். வால்மீகியிலும் கம்பனிலும் காணப்படாமல், நம் பாட்டிமார் வாய்மொழியிலும் வளர்ந்த அந்தக் கதை, ராமகியனில் மையராப் என்ற அரக்கனின் கதையாக இடம்பெற்றிருக்கிறது. நம் கதையில் வரும் மச்சவல்லபனும் பாதி வானரம் பாதி மச்சமாக, மச்சானு என்ற பெயரோடு அங்கே இருக்கிறான். என் தமக்கை மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, கதை முடியும்வரை அவ்விடத்தை விட்டு அசையவில்லை.

பிற்பகலில், 46 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் வாட் போ ஆலயத்துப் புத்தரைத் தரிசித்துவிட்டு, ஓடம் ஏறி அக்கரையிலுள்ள வாட் அருண் என்னும் அருணனின் ஆலயத்துக்குப் போனோம். பீங்கான் துண்டுகளையே மலர்களாகப் பதித்த அதன் கோபுரம், சாயுங்கால ஒளியில் ஒரு பெரிய பூத்தேர்போல் நின்றது.

மறுநாள் மாலை, சௌ சிங் சா என்னும் ராட்சத ஊஞ்சலைப் பார்க்கச் சென்றோம். 1784-இல் எழுப்பப்பட்டுப் பின்னர் பலமுறை புதுப்பிக்கப்பட்ட இதில், செந்நிறம் பூசிய தேக்குத் தூண்கள் வானளாவ நிற்கின்றன. ஆடும் பலகைதான் இல்லை. சிவபெருமான் ஆண்டுக்கொருமுறை பத்து நாள் பூலோகத்துக்கு எழுந்தருள்கிறார் என்ற நம்பிக்கையில் நடந்த உற்சவத்தில், இளைஞர்கள் உயர உயர ஆடிச் சென்று, கம்பத்தில் தொங்கும் பணமுடிப்பைப் பல்லால் கவ்விக்கொண்டு வருவார்களாம். ஆபத்து மிகுந்த அவ்வாட்டம் 1935-இல் நின்றுபோயிற்று. ஆனால் அருகிலுள்ள தேவஸ்தானத்தில், தலைமுறை தலைமுறையாக அரசவைக்கு உரிய அந்தணர்கள் அந்த உற்சவத்தின் சடங்குகளை இன்றும் நடத்துகிறார்கள். அதன் பெயர் 'திரியம்பவை-திரிபவை'. நம் திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே கடல் கடந்து, அந்நாட்டு நாவுக்கு ஏற்ப உருமாறி, இவ்வாறு நிலைத்துவிட்டன என்பர். தமிழறியாத அவ்வந்தணர்கள், உச்சரிப்புத் திரிந்துபோயினும், தமிழ்த் துதிப்பாடல்களைக் கைவிடாமல் ஓதிவருகிறார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை தாயார் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழிதோறும் விடியலில் எங்கள் வீட்டில் கேட்கும் திருவெம்பாவையை, வாகனங்கள் சுற்றிச்சுற்றி ஓடும் அந்த வீதியோரத்தில் நின்று மெல்லப் பாடத் தொடங்கினார். பாடி முடித்ததும், "ஊஞ்சலைக் காணவில்லையே, பாட்டி?" என்று குழந்தை கேட்டாள்.

"பலகை போனால் போகிறது, கண்ணு. பாட்டு இருக்கிறதே" என்றார் தாயார்.