நடு எழுத்தையும் படியுங்கள்

ஐயங்கார்குளத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: “கிரிப்டோ பற்றி எழுதும் கணக்கில் நீலக் குறி இருந்தால் நம்பலாமா?”

கூடாது தம்பி. 2021 டிசம்பர் 12 அதிகாலையில் பிரதமர் மோடியின் ட்விட்டர் கணக்கே சற்று நேரம் கைமாறிப்போய், அரசு 500 பிட்காயின் வாங்கி மக்களுக்குப் பங்கிடுகிறது என்று அறிவித்தது. 2024 செப்டம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலில் ரிப்பிள் நாணய விளம்பரம் ஓடியது. இரண்டும் அசல் கணக்குகள்தான். உள்ளே புகுந்தவன்தான் வேறு ஆள்.

இதெல்லாம் செய்தித்தாளில் வந்த கதை. என்னை அசர வைப்பது, கிரிப்டோவை வைத்து அனுப்பும் செயலியான வாலட்டின் முகவரியே போடும் வேஷம். ஈதீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பில் ஒரு முகவரிக்கு 40 குறிகள். பல செயலிகள் முன்னால் நாலு, பின்னால் நாலு காட்டி, நடுவில் புள்ளி வைத்துவிடும். நீங்கள் அடிக்கடி பணம் அனுப்பும் முகவரியைப் பார்த்து, அந்த எட்டுக் குறியும் அப்படியே பொருந்தும் இன்னொன்றைக் கணினியில் உருவாக்குகிறான் திருடன். சராசரியாக 430 கோடி முறை முயன்றால் ஒன்று சிக்கும். நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு அது பெரிய வேலையில்லை. அதிலிருந்து உங்களுக்குச் சில்லறை அனுப்புவான். அது உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அங்கிருந்து காப்பி எடுத்தீர்களோ, பணம் அவனுக்கு.

2024 மே மாதம் இதில் சிக்கியவர் அசட்டை ஆளல்ல. முதலில் ஈதீரியத்தின் நாணயமான ஈதரைக் கொஞ்சம் அனுப்பிச் சோதித்தவர். அந்தச் சோதனையை மோப்பம் பிடித்துத்தான் போலி முகவரி வந்தது. பின்னாலேயே போனது 1,155 ராப்டு பிட்காயின் (ஈதீரியத்தில் புழங்கும் பிட்காயின் வடிவம்), ஏறத்தாழ 6.8 கோடி டாலர். திருடனோடு பேரம் பேசிப் பெரும்பகுதியை மீட்டார்கள். அந்த யோகம் எல்லாருக்கும் வாய்க்காது.

காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கிறவர்கள் கரையையும் முந்தியையும் மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. உடலையும் விரித்துப் போடச் சொல்வார்கள். கைபேசியில் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகிறது?

அடிக்கடி அனுப்பும் முகவரியை ஒருமுறை முழுக்கச் சரிபார்த்து, வாலட்டில் பெயரோடு சேமித்துவிடுங்கள். வாலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் கேட்கும் ‘கஸ்டமர் கேர்’ எவனும் திருடனே. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

2022 முதல் கிரிப்டோ லாபத்தில் 30 சதவீதம் வரி வாங்கும் அரசு, இந்தப் பாடத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் குறைந்தா போய்விடும்?