சட்டத்திற்கு முன் சாவு

சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்புக்கென இயற்றப்பட்ட சட்டங்களை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. வாசிப்பதற்கு அவை சுவையற்றவை. வழிகள் எத்தனை, விளக்கு எத்தகையது, தூசி எவ்வளவு என்று வறண்ட நடையிற் செல்பவை. ஆயினும் அவ்விதிகளுட் பலவற்றின் பின்னால் ஒரு திகதி இருக்கிறது. அத்திகதியின் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூரிலே வரிசையாய்ப் புதைகுழிகள் இருக்கின்றன. சாவு முந்திக்கொள்ளச் சட்டம் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. ஏன் அப்படி என்பதே என் கேள்வி.

விஞ்ஞானம் பயிலும் மாணவர் பலர் டேவி விளக்கை அறிவர். 1812ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி, வட இங்கிலாந்தின் பெலிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு தீப்பற்றி வெடித்து 92 ஆண்களும் சிறுவர்களும் மாண்டனர். இத்தகைய செய்திகள் பத்திரிகையில் வருவதைச் சுரங்க முதலாளிகள் விரும்பாத காலம் அது. எனினும் அவ்வூர்க் குருவானவரான ஜோன் ஹொட்சன் நடந்ததை எழுதி வெளியிட்டார். அதனாற் பிறந்த கிளர்ச்சியே ஹம்பிரி டேவியை இத்துறைக்கு அழைத்து வந்தது. 1815இல் அவர் சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலையை அமைத்தார். வலை வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால், உள்ளே எரியும் சுடர் வெளியே நிற்கும் வாயுவைப் பற்றுவதில்லை. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமையும் பெறவில்லை.

பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. நான் மேலும் ஓர் அடி செல்ல விரும்புகிறேன். 1835இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று டர்ஹம், நோதம்பலண்ட் பகுதிகளின் சாவுக் கணக்கை ஆராய்ந்தது. விளக்கு வருவதற்கு முந்திய 18 ஆண்டுகளில் 447 பேர் மாண்டிருந்தனர். வந்த பின் 18 ஆண்டுகளில் மாண்டோர் 538 பேர்! விளக்கு பொய்யன்று. ஆனால், வாயு மிகுதியென்று முன்பு கைவிடப்பட்ட படுகைகளுக்குள்ளும் இனி ஆளை அனுப்பலாம் என்ற துணிவை அது முதலாளிக்குக் கொடுத்தது. விளக்கு இருக்கிறதே என்று காற்றோட்டத்திற்குச் செலவிடுவதும் தளர்ந்தது. உயிரைக் காக்க வந்த கருவி, அவ்வுயிரை மேலும் ஆபத்தான இடத்துக்கு அனுப்பும் அனுமதிச் சீட்டாயிற்று. கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனை ஆள்வோரின் நோக்கமே அதன் பயனைத் தீர்மானிக்கிறது.

இனி ஹாட்லி. வடமராட்சிக் கல்லூரியொன்றினால் நம் செவிக்குப் பழகிய பெயர். ஆனால் அதற்கும் இச்சுரங்கத்துக்கும் தொடர்பில்லை. நோதம்பலண்டில் இருந்த இச்சுரங்கத்துக்கு ஒரே ஒரு குழிவாயில். ஆள் இறங்குவதும் கரி ஏறுவதும் காற்றுப் போய் வருவதும் அதனூடாகவே. 1862 ஜனவரி 16ஆந் திகதி, வாயிலின் மேலே நீரிறைக்கும் இயந்திரத்தின் 42 தொன் எடையுள்ள வார்ப்பிரும்பு உத்திரம் இரண்டாக முறிந்தது. ஒரு பாதி குழிக்குள் விழுந்து வழியை முற்றாக அடைத்துவிட்டது. மேலே மனைவியரும் தாய்மாரும் காத்து நிற்க, மீட்போர் இரவும் பகலும் தோண்டினர். ஆறு நாட்களின் பின் அவர்கள் உள்ளே கண்டவை உடல்களே. அவ்விபத்தில் இறந்தோர் 204 பேர். வீடு கட்டும் எவரும் தலைவாசலோடு ஒரு பின்வாசலும் வைக்கிறார். இதற்குப் பேரறிவு வேண்டியதில்லை. இரண்டாவது வாயில் தோண்டப் பணம் வேண்டும் என்பதொன்றே தடை. அதே ஆண்டில், இரு வழிகள் கட்டாயம் என்று சட்டம் பிறந்தது.

வெடிப்பில் இறப்போர் வெடிப்பினாலேயே இறப்பதாக உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. உடற்றொழிலியல் அறிஞர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் இறந்த தொழிலாளரின் உடல்களை ஆராய்ந்து, பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பின் பின் பரவும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவே என 1896இல் அறிவித்தார். மனிதனுக்கு முன் சிற்றுயிர்கள் அதனால் மயங்குவதைக் கண்டு, அவற்றை உடன் கொண்டுசெல்லுமாறு கூறியவரும் அவரே. பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை கனேரிக் குருவிகள் இப்பணியைச் செய்தன. நிலக்கரித் தூசியே தீப்பற்றிச் சுரங்கம் முழுவதும் பரவக்கூடும் என்பதை, 1906 மார்ச் 10ஆந் திகதி பிரான்சின் கூரியேர் விபத்து 1,099 உயிர்களை விலையாகக் கொண்டு காட்டிற்று.

இவையெல்லாம் ஓசையோடு வரும் சாவுகள். ஓசையின்றி வரும் சாவும் உண்டு. தினந்தோறும் மூச்சோடு உட்புகும் தூசி நுரையீரலிற் படிந்து, அதனை வடுவாக்கி இறுகச் செய்கிறது. நோய் வெளிப்படப் பல்லாண்டுகள் செல்லும். அப்போது அதைத் திருப்ப மருந்தில்லை. இதற்கு அபாய மணி அடிப்பதில்லை. ஊர் திரண்டு வாயிலில் நிற்பதில்லை. அமெரிக்காவில் 1968 நவம்பரில் பாமிங்டன் சுரங்க வெடிப்பு 78 பேரைக் கொன்றது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மேற்கு வேர்ஜினியாவின் தொழிலாளர் இந்நோய்க்கு நட்டஈடு கோரிப் பெருந்திரளாய் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னரே, 1969இல், தூசிக்கு எல்லை விதித்து மத்திய அரசு சட்டம் செய்தது. நோய் பெரிதும் குறைந்தது, ஆயின் ஒழியவில்லை. நல்ல கரிப்படுகைகள் தீர்ந்து, மெல்லிய படுகைகளைப் பாறையோடு சேர்த்து வெட்டத் தொடங்கியபோது, பாறையின் சிலிக்காத் தூசியும் சேர்ந்துகொண்டது. 25 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தோருள் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டென 2018இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. மத்திய அப்பலாச்சியாப் பகுதியில் அது ஐந்தில் ஒருவர்.

எனவே, அறியாமையே இச்சாவுகளுக்குக் காரணம் என்று நான் நம்பவில்லை. அறிந்த பின்னரும் செலவு எண்ணித் தாமதித்ததே பெருங்காரணம். அத்துடன், ஆபத்தை முதலில் உணர்பவனுக்கு அதைச் சொல்லும் அதிகாரம் இல்லாதிருந்ததும் ஒன்று. கூரை முனகுவதைக் கேட்பவன் கீழே நிற்பவன். வேலையை நிறுத்த வல்லவனோ மேலே இருப்பவன். 1995இல் சர்வதேசத் தொழில் தாபனம் நிறைவேற்றிய 176ஆம் இலக்கச் சமவாயம் இவ்விடைவெளியை நிரப்ப முயல்கிறது. பாரிய ஆபத்து உண்டென்று நியாயமாகத் தோன்றும் இடத்தைவிட்டு விலகவும், ஆபத்துகளைப் பற்றி அறியவும், தம் பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தாமே தெரிந்தெடுக்கவும் தொழிலாளருக்கு அது உரிமை தருகிறது. இங்கும் பழைய கதையே: துருக்கி இதனை ஏற்றது 2015இல், சோமா சுரங்கத்தில் 301 பேர் மாண்டது 2014 மே மாதத்தில்.

நம் நாட்டிலும் போகலை, கஹட்டகஹ ஆகிய இடங்களிற் காரீயச் சுரங்கங்கள் உண்டு. இரத்தினபுரியில் மரச்சட்டமும் பன்னம் இலையும் வைத்து அணைகட்டிய மாணிக்கக் குழிகள் உண்டு. அங்கு இறங்குவோர் கேட்கவேண்டிய கேள்விகள் மிக எளியவை. வெளியேற இன்னொரு வழி உண்டா? நீரிறைக்கும் இயந்திரத்தின் புகை எங்கே போகிறது? அச்சமென்று சொல்லி மேலேறினால் நாளைக்கு வேலை கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற விடை இல்லாத இடத்தில், முன்னிரண்டுக்கும் நல்ல விடை கிடைக்குமென நான் எண்ணவில்லை.