ஈக்களை மயக்கிய வாசனை!

ஒரே எண்ணெய். அதன் வாசனை பட்டால் கொசு ஓடும். ஆனால் பழ ஈயோ ஓடி வரும்!

இந்த விசித்திரம் பீகாரில் உள்ள பூசா என்ற ஊரில் 1912-ம் ஆண்டில் தெரிய வந்தது. கொசுவை விரட்ட ஒருவர் சிட்ரனெல்லா என்ற புல் எண்ணெயைப் பயன்படுத்தினார். கொசுவுக்குப் பதிலாக ஈக்கள் வந்து மொய்த்தன!

இந்தச் செய்தி ஹௌலெட் என்ற பூச்சி ஆராய்ச்சியாளருக்கு எட்டியது. அவர் ஆராய்ந்து பார்த்தார். வந்தவை எல்லாம் ஆண் ஈக்கள்! அவற்றை மயக்குவது 'மெத்தில் யூஜெனால்' என்ற பொருள் என்று 1915-ல் கண்டுபிடித்தார். நம் வீட்டுத் துளசியிலும் அது உண்டு.

பிற்காலத்தில் அந்தப் பொருள்தான் ஜப்பான் நாட்டு ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றியது.

பழத்துக்குள் புழு

பெண் ஈ பழத்தின் தோலைத் துளைத்து முட்டை இடும். முட்டையில் இருந்து புழு வரும். அது சுளையைத் தின்னும். பழம் அழுகிக் கீழே விழும். மேலே மருந்து அடித்தாலும் உள்ளே இருக்கும் புழு எளிதில் சாகாது.

ஜப்பானின் தெற்கே உள்ள அமாமி, ஒக்கினாவா தீவுகளில் இந்த ஈ பெருகியது. அங்கு விளைந்த ஆரஞ்சை நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு அப்படியே அனுப்பத் தடை விதிக்கப்பட்டது. பழத்தோடு ஈயும் போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

வானத்தில் இருந்து விருந்து

1968-ல் கிகாய் என்ற சிறு தீவில் வேலை தொடங்கியது. சிறு அட்டைத் துண்டுகளில் மெத்தில் யூஜெனாலையும் பூச்சி மருந்தையும் ஊற வைத்தார்கள். ஹெலிகாப்டரில் பறந்து அவற்றைத் தூவினார்கள்.

ஆண் ஈக்கள் ஆசையோடு வந்தன. நக்கின. செத்தன! ஆண் துணை இல்லாமல் பெண் ஈ இட்ட முட்டை பொரிக்கவில்லை. தீவு தீவாக ஈ ஒழிந்தது. 1986-ல் கடைசித் தீவும் விடுதலை பெற்றது.

மறுபடியும் வந்தது!

2015-ல் அமாமியில் மீண்டும் ஈ தலைகாட்டியது. பழங்கள் வெளியே போகத் தடை வந்தது. அரும்பாடுபட்டு வளர்த்த பழங்களை அழிக்க வேண்டிய நிலை விவசாயிகளுக்கு ஏற்பட்டது. மறுபடியும் அட்டைத் துண்டுகள் தூவப்பட்டன. 2016 ஜூலையில்தான் தடை நீங்கியது.

தமிழ்நாட்டு மாந்தோப்புகளிலும் இதே பொருள் வைத்த பொறிகளைத் தொங்க விடுகிறார்கள். ஆனால், ஒருவர் மட்டும் வைத்தால் போதாது. ஊரே சேர்ந்து வைக்க வேண்டும். அழுகி விழுந்த பழங்களையும் பொறுக்கிப் புதைக்க வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்து ஈக்கு வேலி ஏது?