ஏழு மணிச் செய்தி

1982-ம் வருஷம் நவம்பர் மாதம் 2-ந் தேதி செவ்வாய்க்கிழமை மாலை 4-45 மணிக்குப் பிரிட்டனில் 'சானல் 4' என்னும் நான்காவது டெலிவிஷன் தன் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அன்றைய நிகழ்ச்சி நிரலைத் தமிழ் வாசகர்கள் முன் எடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

அதுவரை அந்நாட்டில் மூன்று அலைவரிசைகள் இருந்தன. இரண்டு பி.பி.ஸி.க்கு உரியவை, மூன்றாவது, 1955-ல் விளம்பரப் பணத்தைக் கொண்டு ஆரம்பிக்கப்பட்ட ஐ.டி.வி. நான்காவது அலைவரிசை நெடுங்காலம் உபயோகமின்றிக் கிடந்தது. ஐ.டி.வி. முதலாளிகள் அதுவும் தமக்கே வேண்டுமென்று கேட்டார்கள். புதியதொரு ஸ்தாபனத்திடம் அதை ஒப்படைக்க வேண்டுமென்று லார்டு அன்னான் தலைமையில் அமைந்த கமிட்டி 1977-ல் கூறிற்று. தனி முதலாளிகளிடம் பரிவு மிக்க மிஸஸ் தாட்சரின் ஸர்க்கார் 1979-ல் பதவிக்கு வந்தபோது, முதலாளிகளுக்கு யோகம் பிறந்துவிட்டதென்றே பலர் நினைத்திருப்பர். நடந்ததோ வேறு. ஐ.டி.வி. கவனியாத ருசிகளுக்கும் தேவைகளுக்கும் இந்த அலைவரிசை இடந்தர வேண்டும், உருவத்திலும் உள்ளடக்கத்திலும் புதிய பரீட்சைகளை ஊக்க வேண்டும் என்று 1980-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. செலவுக்கு ஐ.டி.வி. கம்பெனிகளே சந்தா செலுத்த வேண்டும். அதற்கு ஈடாக நான்காவதில் விளம்பரம் விற்று அவை வருமானம் பெறலாம். ஆனால் எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவற்றுக்கு இல்லை. பணம் ஒருவர் கையிலும் அதிகாரம் மற்றொருவர் கையிலும் இருக்குமாறு செய்த இந்த ஏற்பாடு மிகவும் புத்திசாலித்தனமானது.

இனி அந்த முதல் நாளுக்கு வருவோம். முதலில் வந்தது ரிச்சர்ட் வைட்லி நடத்திய 'கவுண்ட்டவுன்' என்னும் சொற்போட்டி. ஒன்பது எழுத்துக்களை வைத்துக்கொண்டு முப்பது விநாடிக்குள் மிக நீளமான சொல்லை அமைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கடன் வாங்கிய விளையாட்டு அது. அடுத்து ஒரு தேகப்பயிற்சி; பின் ஓர் அமெரிக்க நீதிமன்றக் காட்சி; பின் புத்தகங்களைப் பற்றிய பேச்சு. ஏழு மணிக்குச் செய்தி. எட்டு மணிக்கு லிவர்பூல் நகரத்து ஒரு சிறு தெருவின் கதையான 'புரூக்ஸைடு'. இதற்கென ஸ்டூடியோவில் அட்டை வீடுகள் கட்டவில்லை. நிஜமான வீடுகளையே விலைக்கு வாங்கி, அவற்றுள்ளேயே படம் பிடித்தார்கள். அக்காலத்து வேலையில்லாத் திண்டாட்டமும், கடன் தொல்லையும், தெருவில் வழங்கும் வசைமொழிகளும் அப்படியே அதில் வந்தன. ஆஸ்திரேலிய விகடர் ஒருவரின் கேலிக்குப் பின் ஒன்பது மணிக்கு 'வால்டர்' என்ற படம். மூளை வளர்ச்சி குன்றிய ஓர் இளைஞன், தாயார் இறந்தபின் ஓர் ஆஸ்பத்திரியில் அடைபட்டு அனுபவிக்கும் கொடுமைகளை ஸ்டீபன் பிரியர்ஸ் படமாக்கியிருந்தார். இயன் மெக்கெல்லன் வால்டராக நடித்தார். பண்டிகை போல் கொண்டாட வேண்டிய முதல் இரவில் இத்தகைய துயரத்தைக் காட்டத் துணிந்தார்களே, அத்துணிச்சலை நாம் மெச்சுகிறோம். பின்னர், எனிட் பிளைட்டனின் சிறுவர் கதைகளை நையாண்டி செய்யும் ஒரு சித்திரம். கடைசியில், பெண்களின் நிலையைக் குறித்துப் பெண்களே பாட்டும் கவிதையுமாக நடத்திய ஒரு நிகழ்ச்சி.

விளம்பர இடைவேளைகள் பல வெறிச்சென்றிருந்தன. நடிகர் சங்கத்துக்கும் விளம்பரக்காரர்களுக்கும் கூலித் தகராறு நடந்துகொண்டிருந்ததே காரணம். சில பத்திரிகைகள் அலைவரிசையின் பெயரையே திரித்து, அது குறட்டையென்றும் வசையென்றும் பரிகசித்தன. தலைமை நிர்வாகி ஜெரிமி ஐஸாக்ஸ் அசையவில்லை. மந்திரி நார்மன் டெபிட் அவரைக் கடிந்துகொண்ட வரலாறு சுவையானது. சட்டத்தில் வேறு ருசிகள் என்று சொன்னது கோல்ப் ஆடுவோரையும் படகு விடுவோரையும் மீன் பிடிப்போரையும் கருதியே என்றாராம் மந்திரி. ஐஸாக்ஸே இதை எழுதி வைத்திருக்கிறார். சட்டம் இயற்றியவர்களே அதன் பொருளைக் கண்டு திடுக்கிட்டார்கள் போலும்!

வேல்ஸ் நாட்டார் இந்த நிரலை இவ்வரிசையில் காணவில்லை. அவர்களுக்கு முந்தின நாளே, நவம்பர் 1-ந் தேதி, 'எஸ்.4.ஸி.' என்ற தனி அலைவரிசை ஆரம்பமாகிவிட்டது. மாலையின் முக்கிய வேளையில் வெல்ஷ் மொழி நிகழ்ச்சிகள். சானல் 4-ன் நிகழ்ச்சிகளுக்கு மிஞ்சிய நேரமே கிடைத்தது. இதுவும் தானாக வந்த வரமன்று. தேர்தலில் வாக்களித்த கன்ஸர்வேடிவ் கட்சி பதவி ஏறியதும் பின்வாங்கியது. பலர் டெலிவிஷன் கட்டணம் செலுத்த மறுத்தனர். சிலர் சிறை புகுந்தனர். வேல்ஸ் தேசீயக் கட்சித் தலைவராயிருந்த க்வின்வார் எவன்ஸ், 1980 அக்டோபர் 6-ந் தேதி முதல் சாகும் வரை உண்ணாவிரதம் இருக்கப் போவதாக அறிவித்தார். அவர் காந்தியடிகளிடம் பக்தி கொண்டவர், யுத்தத்தை மறுத்தவர். விரதம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போதே, செப்டம்பர் 17-ந் தேதி, ஸர்க்கார் பணிந்தது. சுமார் ஐந்து லட்சம் பேர் பேசிய மொழிக்கு இவ்வாறு இடம் கிடைத்தது.

இனி அந்த ஏழு மணிச் செய்தியைப் பற்றி. மற்ற இடங்களில் அரை மணியில் முடிந்துவிடும் செய்திக்கு இங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. ஆரம்பத்தில் அதைப் பார்த்தோர் மிகச் சிலர். லாபக் கணக்குப் பார்ப்பவன் முதலில் வெட்டியெறியும் பொருள் இதுவே. ஆயினும் அந்த நேரம் காப்பாற்றப்பட்டது. நெடுநேரம் இருந்ததால், தூரதேசத்து விஷயங்களை விசாரித்துச் சொல்ல ஆட்களும் பொறுமையும் அங்கே வளர்ந்தன. 2009 ஆகஸ்ட் 25-ந் தேதி, கை கட்டப்பட்ட நிர்வாண மனிதர்களைச் சீருடை அணிந்தோர் சுட்டுக் கொல்லும் காட்சியை அச்செய்தியில் உலகம் கண்டது. இலங்கை ஸர்க்கார் அதைப் பொய்ச் சித்திரமென்றது. 2010 ஜனவரியில் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் விசேஷப் பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன், நிபுணர்களின் பரிசோதனைக்குப் பின், அது உண்மையென்றே தோன்றுவதாக அறிவித்தார். 2011 ஜூன் 14-ந் தேதி இரவு, காலம் மக்ரே இயக்கிய 'இலங்கையின் கொலைக்களங்கள்' அதே அலைவரிசையில் காட்டப்பட்டது. முள்ளிவாய்க்காலில் மடிந்தவர்களுக்கு நீதி கிடைத்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. சாட்சியமாவது அழியாமல் நின்றது.

இதனால் அந்த ஸ்தாபனத்தைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. 1993 முதல் அது தன் விளம்பரங்களைத் தானே விற்று ஜீவிக்கிறது. கூட்டம் சேர்க்கும் ஆசையும் உடன் வந்தது. 2000-ம் வருஷம் முதல் சில மனிதரை ஒரு வீட்டில் அடைத்து வைத்து வேடிக்கை காட்டியது. 2007 ஜனவரியில் நமது நாட்டு நடிகை ஷில்பா ஷெட்டி அங்கே இனத்துவேஷத்தால் அவமதிக்கப்பட்டபோது, கண்காணிப்பு ஸ்தாபனத்துக்கு 40,000-க்கு மேற்பட்ட புகார்கள் போயின. அலைவரிசை விதி மீறியதாகத் தீர்ப்பாயிற்று. அதன் சினிமாப் பிரிவு பணம் போட்ட 'ஸ்லம்டாக் மில்லியனர்' நமது ஏ.ஆர். ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கார் விருதுகளைத் தேடித் தந்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சானல் 4 இன்றும் பொதுச் சொத்து. அதை விற்றுவிடுவதென்று 2022 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஸர்க்கார் தீர்மானித்தது. தயாரிப்பாளரும் கலைஞரும் எதிர்த்தனர். ஆளும் கட்சியிலேயே சிலர் எதிர்த்தனர். 2023 ஜனவரியில் அந்த யோசனை கைவிடப்பட்டது. அதன்பின் வந்த 2024-ம் வருஷத்துச் சட்டம் ஒரு பழைய தடையை நீக்கியிருக்கிறது. சானல் 4 இதுவரை வெளியாரிடமிருந்தே நிகழ்ச்சிகளை வாங்கி வந்தது. இனித் தானே தயாரிக்கவும் செய்யலாம். அது விற்ற பண்டத்தை நம்பியன்று, வாங்கிய பண்டத்தை நம்பியே நூற்றுக்கணக்கான சிறு தயாரிப்பாளர் 1982 முதல் தொழில் நடத்தி வந்திருக்கின்றனர். அவர்களுக்கு இச்சட்டத்தில் என்ன பாதுகாப்பு என்பதே அங்கே இப்பொழுது எழுந்துள்ள விவாதம்.