விடுபட்ட வாஷரும் எரிந்த விமானமும்

பராமரிப்பில் நேரும் சிறு தவறு பல வாரங்கள் மறைந்திருந்து பின்னர் ஒரு விமானத்தையே அழித்துவிடக்கூடும் என்பதற்கு, ஜப்பானின் ஒகினாவா தீவிலுள்ள நாஹா விமான நிலையத்தில் 2007 ஆகஸ்ட் 20 அன்று நிகழ்ந்த விபத்து தக்க சான்றாகும். தைவானிலிருந்து வந்த சைனா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 737-800 விமானம் ஓடுபாதையில் சீராக இறங்கி, நிறுத்துமிடத்தை அடைந்ததும் தீப்பற்றி எரிந்தது. அதிலிருந்த 157 பயணிகளும் 8 பணியாளர்களும் உயிர் தப்பினர்.

இறக்கையின் முன்விளிம்பில், ஏறும்போதும் இறங்கும்போதும் முன்னோக்கி நீண்டு தூக்குவிசையைக் கூட்டும் நகரும் பலகைகள் உள்ளன. இவை ஸ்லாட் எனப்படும். ஸ்லாட்டைத் தாங்கும் உலோகச் சட்டம், ஸ்லாட் உள்வாங்கப்படும்போது, எரிபொருள் தொட்டிக்குள் நீண்டிருக்கும் ஓர் உறைக்குள் சென்று அடங்கும். ஸ்லாட் அளவுக்கு மீறி வெளியே நீளாதபடி சட்டத்தின் பின்முனையில் ஒரு தடுப்பு, போல்ட்டும் நட்டும் கொண்டு பொருத்தப்பட்டிருக்கும். சட்டத்திலுள்ள துளையைவிட நட்டு சிறியது என்பதால், அது துளை வழியே நழுவாமல் காத்தது இடையிலிருந்த வாஷர் ஒன்றே.

இவ்வகை விமானங்கள் சிலவற்றில் இந்த நட்டு தளர்ந்து கழன்றதால், அதை இறுக்கிப் பொருத்துமாறு தயாரிப்பு நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது. விபத்துக்குச் சுமார் ஆறு வாரங்களுக்கு முன் அப்பணி நடந்தபோது வாஷர் விடுபட்டுப்போனது. எவரும் அதைக் கவனிக்கவில்லை. நாளடைவில் போல்ட் தடுப்போடு நழுவி உறைக்குள் விழுந்தது. நாஹாவில் இறங்கியபின் ஸ்லாட் உள்வாங்கப்பட்டபோது, பின்னோக்கி வந்த சட்டம் அந்தப் போல்ட்டைத் தள்ளி உறையைத் துளைத்தது. அத்துளை வழியே கசிந்த எரிபொருள், வலது எஞ்சினின் சூடான பகுதியில் பட்டுத் தீப்பற்றியது.

விபத்து நடந்த சில நாட்களிலேயே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இவ்வகை விமானங்களை அவசரமாக ஆய்வு செய்ய உத்தரவிட்டது. ஜப்பானிய விசாரணை அறிக்கையோ, பணியாளரின் கவனக்குறைவோடு நின்றுவிடவில்லை. நட்டு இருந்த இடம் கையும் கண்ணும் எளிதில் எட்டாத இடமாக இருந்தும், தயாரிப்பு நிறுவனமும் விமான நிறுவனமும் பணிக்குறிப்பை வகுத்தபோது அதைப் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை என்றும், பணியைச் செய்தவர்களும் மேற்பார்வையாளரும் அதன் கடினத்தைப் பணித்தவர்களிடம் தெரிவிக்கவில்லை என்றும் அது சுட்டிக்காட்டியது.

ஆகவே, பராமரிப்புத் தவறு என்பது ஒரு தனிமனிதரின் குற்றம் மட்டுமன்று. ஒரு வாஷர் விடுபட்டாலும் கழலாத வடிவமைப்பும், வேலையின் கடினத்தைத் தொழிலாளர் தயங்காமல் சொல்லக்கூடிய பணிச்சூழலும் அமையாதவரை, பயணிகளின் பாதுகாப்பு முழுமை பெறாது.